ஆலோசகர் குளிக்கப் போனார்

தெலுக் இந்தானுக்கு யார் வந்தாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பது சாய்ந்த மணிக்கூண்டைத்தான். 1885-ல் லியோங் சூன் சோங் என்ற சீனக் குத்தகைக்காரர் கட்டியது. மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே ஆற்றங்கரைச் சேற்று மண். சாயாமல் என்ன செய்யும்? வெளியிலிருந்து எண்ணினால் எட்டு மாடி. உள்ளே ஏறினால் மூன்றே மூன்று. கீழ்ப் பேராக்குக்கு நன்மை செய்யவென்று கப்பலேறி வந்தவர்களின் சரித்திரமும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் வரும்.

அந்த வரிசையில் முதல் ஆள் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பெர்ச். 1874 ஜனவரி 20-ல் பங்கோரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேராக் சுல்தானுக்கு ஆங்கிலேய ஆலோசகர் ஒருவர் வருவார். மலாய்க்காரர்களின் சமயமும் வழக்கமும் நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் அவருடைய ஆலோசனையைக் கேட்கவும் வேண்டும், கேட்டபடி நடக்கவும் வேண்டும். உலகத்தில் எத்தனையோ மாமியார்கள் இருந்திருக்கிறார்கள். ஒருவரும் இவ்வளவு தெளிவாக எழுதிக் கையெழுத்து வாங்கியதில்லை.

அந்த ஆலோசகராக வந்த பெர்ச்சுக்கு அனுபவம் இல்லையென்று சொல்ல முடியாது. இலங்கையில் இருபது ஆண்டுக்கு மேல் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். சங்கடம் என்னவென்றால் இது இலங்கை இல்லை. மலாய் அவருக்குச் சரியாக வராது. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பொறுமையும் கிடையாது. பேராக் பிரபுக்கள் கடனடிமைகளை வைத்திருந்தார்கள். தப்பி ஓடிவந்த அடிமைகளுக்கு பெர்ச் இடம் கொடுத்தார். இதில் நான் பெர்ச்சின் கட்சிதான். மனிதனை மனிதன் கடனுக்குப் பிடித்து வைப்பதை வழக்கம் என்று சொல்லி யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதே சூட்டோடு அந்தப் பிரபுக்கள் ஆற்றுத் துறைகளில் வாங்கிவந்த வரியையும் அவர் பிடுங்கினார். அடிமையும் போய் வருமானமும் போனால், எப்பேர்ப்பட்ட சாதுவுக்கும் கிரிஸ் கத்தி எங்கே வைத்தோம் என்று ஞாபகம் வந்துவிடும்.

1875 நவம்பர் 2. ஆற்றில் மேலே பாசிர் சாலாக். இனிமேல் ஆட்சியை ஆங்கிலேயர்களே நேரடியாக நடத்தப்போகிறார்கள் என்ற அறிவிப்பை பெர்ச்சின் மொழிபெயர்ப்பாளர் அர்ஷாட் ஒட்டுகிறார். கிழிக்கிறார்கள். மறுபடியும் ஒட்டுகிறார். ஊரே திரண்டு நிற்கிறது, கையில் ஈட்டி. இந்த நேரத்தில் ஆலோசகர் துரை என்ன செய்தார்? ஆற்றோரக் குளியலறைக்குள் போய்க் குளிக்க ஆரம்பித்தார். அந்தப் பிரபுக்களில் ஒருவரான மகாராஜா லேலாவின் ஆட்கள் ஈட்டியை வெளியிலிருந்தே உள்ளே பாய்ச்சினார்கள். அர்ஷாடும் உயிர் தப்பவில்லை. அவருக்கு எந்த ஊரிலும் தெருப்பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. இந்த மாதிரி வேலைகளில் மொழிபெயர்ப்பாளரின் கதி என்றைக்கும் அதுதான்.

பிறகு நடந்தது பெரிய மனிதர்களின் பண்பாட்டுப் பரிமாற்றம். இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் படை வந்தது. மகாராஜா லேலா 1877-ல் தூக்கிலிடப்பட்டார். சுல்தான் அப்துல்லாவை சேஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அங்கே பிரபலமாக இருந்த ஒரு பிரெஞ்சு மெட்டுதான் பேராக் மாநில கீதமாகி, பிற்பாடு தேசிய கீதமான ‘நெகாராகூ’வும் ஆனது என்று ஒரு கதை உண்டு. அது உண்மையானால், அந்தக் காலத்து ஆலோசனைத் திட்டங்களில் உருப்படியாகத் தேறியது ஒரு நாடுகடத்தல்தான். தெலுக் இந்தானுக்கு மட்டும் 1882-ல், பினாங்கு துணை ஆளுநராக இருந்த ஆன்சனின் பெயரை வைத்து தெலுக் ஆன்சன் ஆக்கினார்கள். ஊருக்கு முன்பே பெயர் கொடுத்திருந்த மக் இந்தான் என்ற பெண்மணி தன் பெயரைத் திரும்பப் பெற நூறு ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

அடுத்து ரப்பர். கீழ்ப் பேராக்கின் ஜெண்டராத்தா தோட்டத்தை 1906-ல் தொடங்கியவர் ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் என்ற டென்மார்க் பொறியாளர். ஆப்பிரிக்காவில் தன் காப்பித் தோட்டத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற கேரன் பிளிக்ஸனின் தாய்மாமன். அந்தக் கென்யத் தோட்டத்துக் கம்பெனிக்கும் தலைவர் இவர்தான். மருமகளின் காப்பி நொடித்துப்போனது. மாமனின் ரப்பர் நிலைத்தது. நொடித்த தோட்டத்துக்கு அழகான புத்தகமும் ஆலிவுட் படமும் கிடைத்தன. நிலைத்த தோட்டத்துக்குக் கணக்குப் புத்தகம் மட்டும்.

அந்த ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள் நம்மவர்கள். இன்றைய பாஷையில் எழுதினால், ‘வெளிநாட்டுச் சமூக மேம்பாட்டுப் பணிக்குத் தமிழகக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் தேர்வு’. தேர்வுக் குழு: ஒரே ஒரு கங்காணி. நேர்முகத் தேர்வில் அவர் சொன்னது: அங்கே மரத்தில் பால் வடியும். பொய் இல்லை, வடிந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல், பினாங்கில் இறங்கியதும் புலாவ் ஜெரஜாக்கில் தடுப்பு முகாம், கையில் அம்மை குத்தல். அறிமுகப் பயிற்சி அதோடு முற்றிற்று. மறுநாளே தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயன் வீடு. விடிவதற்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களம். கிராணி என்ற குமாஸ்தா பெயர் கூப்பிட, மண்டோர் என்ற மேஸ்திரி நிரை காட்ட, தோளில் பால் வாளி. அட்டை கடித்தால் சுண்ணாம்பு. 1920-களின் கடைசியில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 என்று ஒரு சம்பளம் விதித்தார்கள். 1930-ல் ரப்பர் விலை விழுந்ததும் அது 40 ஆகவும் 32 ஆகவும் இறங்கியது. ஆயிரக்கணக்கானவர்களைத் திரும்பக் கப்பலேற்றினார்கள். பணி முடிந்ததற்குச் சான்றிதழ் தரவில்லை.

1942-ல் ஜப்பான்காரன் வந்தான். ஆசியா ஆசியர்களுக்கே என்றான். தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனான். அதை வேடிக்கையாக எழுத எனக்குக் கை வரவில்லை, தாண்டிப் போகிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகுதான் அசல் தொண்டூழியர்கள் வந்தார்கள். 1961 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கென்னடி பீஸ் கோர் என்ற தொண்டூழிய அமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு அந்த அமைப்பின் மூலம் நைஜீரியாவுக்குப் போன ஒரு பெண், ஊர் எவ்வளவு அசுத்தம் என்று வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி, தபாலில் சேர்க்காமல் வழியில் தவறவிட்டார். மாணவர்கள் கையில் அது கிடைத்து, படியெடுக்கப்பட்டு, பெரிய ரகளையானது. நம் ஊருக்கு வந்த வெள்ளைக்காரர்கள் இதைவிட மோசமாக எல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் உறையில் போட்டு ஒட்டும் விவரம் அவர்களுக்கு இருந்தது.

மலாயாவுக்கு முதல் அணி 1962 ஜனவரியில் வந்து இறங்கியது. ஆசிரியர்கள், தாதிகள், ஆய்வுக்கூட உதவியாளர்கள். இந்த இளைஞர்களுக்கு வாரக்கணக்கில் மலாய் கற்பித்து அனுப்பினார்கள். பிற்பாடு ஹவாயில் ஒரு பள்ளத்தாக்கில் தென்கிழக்காசியக் கிராமம் போலவே குடிசை போட்டு, வயல் வெட்டி, எருமையும் கட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். எருமைக்கு அமெரிக்கக் குடியுரிமை இருந்ததா என்பது ஆராய்ச்சிக்குரியது. திரும்பிப் போகும்போது கைச்செலவுக்கென்று மாதத்துக்கு 75 டாலர் வீதம் தனியே சேர்த்தும் வைத்தார்கள். கேலி செய்தாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: பெர்ச்சுக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இவர்கள் மொழி கற்றார்கள், பஸ்ஸில் போனார்கள், சம்பல் தின்று அழுதார்கள். இருபது ஆண்டுகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து போனார்கள்.

மலாயாவில் அவர்களுக்கு முதல் தலைவராக இருந்தவர் நார்மன் பார்மர், வரலாற்றுப் பேராசிரியர். மலாயா ரப்பர் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி 1960-ல் ஒரு புத்தகமே எழுதியவர். லயன் வீட்டின் கதை தெரிந்த அமெரிக்கர் ஒருவர் இருந்தார் என்றால் அவர்தான். ஆனால் அவருடைய பிள்ளைகளின் வேலை லயனில் இல்லை. அது அவர் குற்றமும் இல்லை. அந்தக் காலத்தில் துணைப் பிரதமர் துன் ரசாக் ஊரக மேம்பாட்டுக்குச் சிவப்புப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். எந்தக் கம்பத்துக்கு, அதாவது மலாய்க் கிராமத்துக்கு, பாலம், எந்தக் கம்பத்துக்குக் கிணறு என்று வரைபடத்தோடு கணக்கு. மலாய்க் கம்பம் ஊரகம். அதை அடுத்த பால்மரக் காடு ஊரகம் இல்லை, கம்பெனிச் சொத்து. கேட்டுக்கு உள்ளே துரை ராஜ்யம். ஒரே மழை, ஒரே சேறு, ஒரே கொசு. இருந்தாலும் கேட்டுக்கு இந்தப் பக்கம் வளர்ச்சித் திட்டம், அந்தப் பக்கம் தனியார் நிலம். உலகம் முழுவதிலுமிருந்து நல்லவர்கள் வந்தபோதும் அந்தக் கேட்டைத் திறக்கும் சாவி யாரிடமும் இல்லை.

ஆகவே உள்ளே இருந்தவர்களுக்கு உள்ளே இருந்தவர்களே தொண்டூழியர் ஆனார்கள். பெரிய கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அமைச்சராக இருந்த சுங்கை சிப்புட் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார். அமைச்சர் வந்து லயன் வாசலில் பத்து வெள்ளி கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். வந்தது. இருந்தும் கொடுத்தார்கள், தாங்கள் பால் வெட்டிய மரத்தையே விலைக்கு வாங்கினார்கள். 1982-ல் டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். பெரட்டுக் களம் எப்படி இருக்கும் என்று யாரும் மாதிரி கட்டிக் காட்ட வேண்டியதில்லை. அதே ஆண்டுதான் தெலுக் ஆன்சன் மறுபடியும் தெலுக் இந்தான் ஆனது. அடுத்த ஆண்டு பீஸ் கோர் மூட்டை கட்டியது.

இப்போது பால்மரம் குறைந்து செம்பனை நிற்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். குலை வெட்டுகிறவர் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர். ஊரில் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி வந்தவர். பையைத் தூக்கிக்கொண்டு சேவை செய்ய வரும் இளைஞர்களே, தாராளமாக வாருங்கள். மணிக்கூண்டைப் படம் எடுங்கள், சீ சியோங் ஃபன் சாப்பிடுங்கள். பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்க வேண்டாம். அதற்கு இங்கே ஆள் இருக்கிறார்கள். செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவரைப் பார்த்தால், உன் பாஸ்போர்ட் உன் கையில்தான் இருக்கிறதா என்று அவர் மொழியில் கேட்கக் கற்றுக்கொண்டு வாருங்கள்.