திருப்பதிக்குப் போகாதவள்

நாயுடுபேட்டை பஸ் ஸ்டாண்டில் வெளியூர்ப் பெண் ஒருத்தி தோளில் பையோடு நின்றால், எங்கே போகிறாள் என்று யாரும் கேட்பதில்லை. திருப்பதிக்குத்தான். சென்னை–நெல்லூர் நெடுஞ்சாலையிலிருந்து காளஹஸ்தி, திருப்பதிச் சாலை பிரிகிற ஊர் அது. முன்பு நெல்லூர் மாவட்டம். 2022 ஏப்ரல் 4 அன்று அரசாங்கமே அதைத் தூக்கிப் புதிய திருப்பதி மாவட்டத்தில் ஏற்றிவிட்டது. ஊரையே ஏற்றியவர்கள் என்னை விடுவார்களா?

நானோ திருப்பதியிலிருந்து வந்து இறங்கியவள். சென்னையிலிருந்து அங்கே ஒரு செமஸ்டர் படிக்க வந்த விலங்கியல் மாணவி; நேலப்பட்டு சரணாலயத்துக் கூழைக்கடாக்களைப் பார்க்கவேண்டும். ரயிலில் போகலாமே என்பீர்கள். போகலாம். ரேணிகுண்டா, காளஹஸ்தி, வெங்கடகிரி என்று வடக்கே கூடூர் வரை ஏறி, வண்டி மாறி, மறுபடி தெற்கே இறங்கவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதற்கு டிக்கெட் வேறு.

ஆகவே பஸ். ஆந்திராவில் 2025 ஆகஸ்ட் 15 முதல் 'ஸ்திரீ சக்தி' திட்டம் வந்து, பல்லெவெலுகு, எக்ஸ்பிரஸ் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நானும் ராணி மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் ஆதார் கேட்டார், கொடுத்தேன். முகவரியைப் படித்தார். "தமிழ்நாடா?" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். சலுகை ஆந்திரவாசிகளுக்கு மட்டுமாம். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் எந்த மாநிலத்துப் பெண்ணையும் அட்டை கேட்காமல் ஏற்றுகிறோம் என்று வாதாட நினைத்தேன். அந்த அளவுக்குத் தெலுங்கு வராது. காசு கொடுத்தேன். அன்று அந்த பஸ்ஸில் காசு கொடுத்த ஒரே பெண் நான்தான். பின்சீட்டு ஆண்கள், தங்கள் கட்சிக்குப் புதிதாக ஆள் சேர்ந்ததுபோல் என்னைப் பரிவோடு பார்த்தார்கள்.

நாயுடுபேட்டையில் இறங்கி, கொய்யா விற்கிற அம்மாவிடம் சூளூர்பேட்டை பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். தமிழ்நாட்டு எல்லை அதிக தூரமில்லை, அவருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது.

"சூளூர்பேட்டை எதுக்கும்மா? இதுல ஏறு, நேரா திருப்பதி."

"அங்கேயிருந்துதான் வர்றேன்."

"ஐயோ பாவம், தரிசனம் கிடைக்கலியா?"

அதற்குள் "காளஸ்தி, காளஸ்தி, திருப்பதி!" என்று கூவிக்கொண்டிருந்தவர் என் பையை வாங்கி சீட்டிலேயே வைத்துவிட்டார். உதவி செய்கிறவர்களிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பறவை பார்க்கப் போகிறேன் என்றேன்.

"பறவையா? அங்கேயும்தான் கருடன் இருக்காரே, ஏறும்மா!"

பையை மீட்டு, சூளூர்பேட்டை பஸ்ஸைப் பிடித்து, தொரவாரிசத்திரத்தில் இறங்கி, ஆட்டோவில் நேலப்பட்டு போய்ச் சேர்ந்தேன். ஏரிக்குள் நிற்கிற நீர்க்கடம்பு மரங்கள் முழுக்கக் கூழைக்கடாக் கூடுகள். பாடப்புத்தகத்தில் அந்த வாடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சாயங்காலம் மறுபடி நாயுடுபேட்டை. இப்போது உண்மையிலேயே நான் திருப்பதிக்குப் போகவேண்டும். வருகிற பஸ்ஸெல்லாம் நெல்லூர். பையைத் தொட ஆளில்லை. கடைசியில் திருப்பதி என்று ஒன்று வந்தது, படிவரை ஆட்களோடு. நான் ஒற்றைக் காலை வைத்துத் தொற்றுவதைப் பார்த்துக் கொய்யாக்கார அம்மா உரக்கச் சொன்னார்:

"காலையிலேயே நான் சொன்னப்ப ஏறியிருந்தா இந்நேரம் லட்டோட திரும்பியிருப்பே!"