ஓரத்தில் நின்றவர்கள்

இப்போது கல்யாண வீட்டில் கேண்டிட் படத்துக்குத் தனி ஆள், தனிக் கட்டணம். நான் ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்த காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான். 36 படம் எடுக்கும் ரோல், மேடையில் உறவினரை வரிசையாக நிறுத்தி எடுப்பதிலேயே தீர்ந்துவிடும். ஒருவரும் கேமராவைப் பார்க்காத நேரம் என்றால் அது தாலி கட்டும் நேரம்.

அந்த ஒரு படத்துக்காகவே இந்தத் தொழிலில் நின்றேன். நடுவில் மணமக்கள். பெண்ணுக்குப் பின்னால் முடிச்சுப் போடக் குனிந்த நாத்தனாரின் விரல்கள். இடது ஓரத்தில், மேளக்காரரைப் பார்த்துக் 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று விரலை ஆட்டும் பெரியவர். வலது ஓரத்தில் அட்சதையோடு உயர்ந்த கைகள், அவற்றுக்கு நடுவே கண்ணைத் துடைக்கும் பெண்ணின் அம்மா.

ஃபிலிமின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். முழுசாக அச்சிட்டால் 8-க்கு 12 அங்குலம். ஆனால் சுவரில் மாட்ட எல்லோரும் கேட்டது 8-க்கு 10. இரண்டு அங்குலம் போயாக வேண்டும். இருட்டறையில் என் முதலாளி என்லார்ஜருக்குக் கீழே சட்டத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருப்பார். "பெரியவர் கை போகக் கூடாதுடா" என்பார். கடைசியில் மேடைத் தூணும் பாதி வாழைமரமும் போகும்.

வெட்டவே கூடாது என்று சொல்ல மாட்டேன். முழுப் படத்தையே அச்சிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்த பிரெஞ்சுக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோன்கூட, 1932-ல் பாரிஸில் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய நீரைத் தாண்டுகிறவரை எடுத்த படத்தில் இடது பக்கத்தை வெட்டினார். வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் அங்கே பலகை மறைத்திருந்தது. மறைப்பது போகட்டும்.

ஓரத்தின் அருமை துக்க வீட்டில்தான் தெரியும். அப்பத்தா இறந்துவிட்டால் மாலை போட ஒரு படம் இருக்காது. யாருடைய கல்யாண நெகட்டிவையாவது தேடி எடுத்து வருவார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நகத்தளவு முகம். அதை மட்டும் பெரிதாக்கி, டச்சிங் செய்து கொடுப்போம். புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஆனாலும் அது அப்பத்தா.

இன்றைய கேமரா அதைவிட எவ்வளவோ தெளிவாக எடுக்கிறது. ஆனால் போனில் ரீல்ஸாக ஓட 9-க்கு 16 என்று நிமிர்த்தி வெட்டுகிறார்கள். படுக்கை வாட்டில் எடுத்த படத்தை அப்படி வெட்டினால் எட்டில் ஐந்து பங்கு போய்விடும். பெரியவர் இல்லை, அம்மா இல்லை, சில படங்களில் நாத்தனாரும் இல்லை. மணமக்கள் ஆளில்லாத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டதுபோல் இருக்கிறது. எனக்கு இது வலிக்கிறது.

ஆல்பம் வடிவமைக்கும் பையனிடம் போன வாரமும் சொன்னேன்: "ரீல்ஸுக்குத் தனியா வெட்டிக்கோ தம்பி. ஆல்பத்துக்குப் போறதுல ஓரத்தைத் தொடாதே."

"அண்ணே, அந்த ஓரத்துல ஒரு பாட்டி கொட்டாவி விடுது."

"விடட்டும்டா. அவங்க பேரனோட கல்யாணம்."