சிவப்பு நாள் சிகாமணி

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கிய நாளிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து உதிரிபாகத் தொழிற்சாலைகளில் ஒரு புதிய இனம் தழைத்திருக்கிறது. விசிட்டிங் கார்டில் மார்க்கெட்டிங் மேனேஜர் என்று இருக்கும். உண்மையான உத்தியோகம், கொரியாவில் சியோலுக்கோ உல்சானுக்கோ யார் கிளம்பினாலும் நாள் குறித்துத் தருவது. கல்யாணத்துக்கு நாள் பார்க்கும் ஜோசியருக்கு ஒரு பஞ்சாங்கம் போதும். நம் சிகாமணிக்கு ஐந்து வேண்டும்.

சுவரில் கொரிய வங்கி ஒன்றின் காலண்டர் தொங்கும். வங்கிக் காலண்டரை வீட்டில் மாட்டினால் பணம் சேரும் என்று கொரியாவில் ஒரு நம்பிக்கை. ஆண்டுக் கடைசியில் அதற்கு அங்கே ஏகக் கிராக்கி. சிகாமணிக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது. சிவப்பு மட்டும் புரியும்.

சிவப்பு ஏன் சிவப்பானது என்று தெரிய ஆங்கிலப் பட்டியல் வேண்டுமே! தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார். சியோலிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் பட்டியலில் இரு நாட்டு விடுமுறைகளும் கலந்திருக்கும். அதை நம்பி, ஜூலை 4 அன்று கொரியாவே மூடிக்கிடக்கும் என்று முதலாளியிடம் அடித்துச் சொன்னவர் இவர். பங்குச் சந்தைப் பட்டியலைப் பார்த்து டிசம்பர் 31-ஐயும் அடித்துவிட்டார். சீனப் புத்தாண்டும் கொரியாவின் சியோல்லாலும் ஒரே நாள்தானே என்று யாராவது சொன்னால் தீர்ந்தது. "2027-ல சீனாவுக்கு பிப்ரவரி 6, கொரியாவுக்கு 7. அமாவாசை நள்ளிரவை ஒட்டி வருது தம்பி, ஒரு மணி நேர வித்தியாசத்துல தேதியே மாறிடும்!" என்று வானசாஸ்திர வகுப்பு தொடங்கிவிடும்.

அவரைக் குஷிப்படுத்த வேண்டுமானால், "சார், அக்டோபர் முதல் வாரம் உல்சான் போகலாமா?" என்று கேட்டால் போதும்.

"2025-ல என்ன ஆச்சு தெரியுமா? 3-ஆம் தேதி வெள்ளி, தேசம் தோன்றிய நாள். அப்புறம் சனி. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூணும் சுசோக், அவங்க அறுவடைப் பண்டிகை. அதுல ஒண்ணு ஞாயித்துக்கிழமைல விழுந்ததுக்கு ஈடா புதன் லீவு. வியாழன் ஹங்குல் நாள், அவங்க எழுத்துக்கான நாள். மொத்தம் ஏழு நாள்! வெள்ளிக்கு மட்டும் ஒரு லீவு போட்டவனுக்குப் பத்து!"

சொல்லும்போது அந்தப் பத்து நாளும் தமக்கே கிடைத்ததுபோல முகம் மலரும். இவர் எடுக்காத லீவு நிறைய பாக்கி இருக்கிறது என்பது ஹெச்ஆர் சொல்லித்தான் தெரியும்.

இந்த உலகில் அவருக்கு ஒரே எதிரி, தற்காலிக விடுமுறை. 2025 சியோல்லாலுக்கு ஜனவரி 28 முதல் 30 வரை லீவு என்று கணக்கிட்டு, 27-ஆம் தேதி திங்களன்று மீட்டிங் வைத்து, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஜனவரி நடுவில் கொரிய அரசு 27-ஐயும் விடுமுறையாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டும் அப்படித்தான்: அக்டோபர் 1 படை நாளுக்கு விடுமுறை என்று செப்டம்பரில் சொன்னார்கள். இரண்டும் தமக்கு எதிரான சதி என்பது சிகாமணியின் உறுதியான அபிப்பிராயம்.

காலண்டரில் ஏறாத லீவுகள் தனி. ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் கார் தொழிற்சாலைகள் மொத்தமாகக் கோடை விடுமுறை விடும். அச்சில் அந்தத் தேதிகள் கறுப்பாகவே இருக்கும். கறுப்பை நம்பிப் போய், கேட்டில் செக்யூரிட்டியோடு கைகுலுக்கித் திரும்பிய சரித்திரமும் அவருக்கு உண்டு. அவரைக் குழப்பாத நாள் ஆகஸ்ட் 15 ஒன்றுதான். அன்றைக்கு இந்தியா, கொரியா இரண்டு நாடுமே விடுதலை நாள் கொண்டாடுகின்றன.

புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இந்த மகிமையெல்லாம் தெரியவில்லை. கொரியப் பக்கத்து அதிகாரியிடமே காக்காவோ டாக் செயலியில் கேட்டாள்: "எந்த வாரம் வரலாம்?" இரண்டு நிமிடத்தில் தேதி வந்தது. வரவேண்டாத நாட்களும் வந்தன.

அலுவலகமே சிகாமணியின் முகத்தைப் பார்த்தது. அவர் பதறவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து காலண்டரையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, அரை மணி கழித்து நிமிர்ந்தார்.

"அந்தக் கொரியாக்காரர் சரியாத்தாம்மா சொல்லியிருக்கார். நான் செக் பண்ணிட்டேன்."