நண்பனுக்கு மரண தண்டனை கேட்டவர்

கே: நேர்மையான அரசியல்வாதியைப் பற்றி வந்த பழைய ஹாலிவுட் படங்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்.

ப: 1934-ல் எம்.ஜி.எம். எடுத்த 'மன்ஹாட்டன் மெலோடிராமா'. 1904-ல் நியூயார்க்கில் 'ஜெனரல் ஸ்லோகம்' நீராவிக் கப்பல் தீப்பிடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படம் அந்த நிஜ விபத்தில்தான் தொடங்குகிறது. அதில் அநாதையான இரண்டு பையன்களில் பிளாக்கி (கிளார்க் கேபிள்) சூதாட்டக்காரன் ஆகிறான். ஜிம் (வில்லியம் பவல்) அரசு வழக்கறிஞராகி, பிறகு கவர்னர் ஆகிறார்.

கே: ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன். பார்த்துச் சலித்த கதைதானே?

ப: இல்லை. ஜிம்முக்கு எதிரே நிற்பது வில்லன் அல்ல, உயிர் நண்பன். தேர்தல் நேரத்தில் ஜிம்மின் பெயரைக் கெடுக்கக் கிளம்பியவனை, ஜிம்முக்கே சொல்லாமல் பிளாக்கி சுட்டுக் கொல்கிறான். அந்த வழக்கில் அவனுக்கு மரண தண்டனை வாங்கித் தருபவரே ஜிம்தான்!

கே: மனதில் நின்ற காட்சி?

ப: மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஐஸ் ஹாக்கி ஆட்டம். அரங்கின் கழிப்பறையில் கொலை. அங்கிருக்கும் பிச்சைக்காரனுக்குக் கண் தெரியாது என்று நம்பி பிளாக்கி நிதானமாக நடந்து போகிறான். அந்த ஆளுக்கோ கண் நன்றாகவே தெரியும். கோர்ட்டில் அவன்தான் சாட்சி.

கே: கொள்ளைக்காரன் டிலிஞ்சர் பார்த்த கடைசிப் படம் இதுதானாமே?

ப: ஆமாம். 1934 ஜூலை 22 அன்று சிகாகோ பயோகிராஃப் தியேட்டரில் இதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவனை மத்தியப் புலனாய்வு அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் செய்தியே படத்தின் அடையாளம் ஆகிவிட்டதில் எனக்கு வருத்தம். சிறந்த கதைக்கான ஆஸ்கர் வாங்கிய படம் இது!

கே: கவர்னர் ஆனபின் ஜிம் நண்பனைக் காப்பாற்றினாரா?

ப: ஒரு கையெழுத்துப் போதும். மனைவி (மிர்னா லாய்) கொலைக்கான காரணத்தைச் சொல்லிக் கெஞ்சியும் போடவில்லை. கடைசி நிமிடத்தில் சிங் சிங் சிறையில் மனம் உடைந்து, தண்டனையைக் குறைக்க முன்வருகிறார். பிளாக்கி மறுத்துவிட்டு மின்சார நாற்காலியை நோக்கி நடக்கிறான். பிறகு சட்டமன்றத்தில், தன் வெற்றிக்கு ஒரு கொலை உதவியதையும், தான் தடுமாறியதையும் சொல்லி ஜிம் ராஜினாமா செய்கிறார்.

கே: யாரும் கேட்காதபோது ராஜினாமாவா? பிழைக்கத் தெரியாதவர்!

ப: மாட்டிக்கொண்டபின் விலகுவது தற்காப்பு. யாருக்கும் தெரியாதபோதே விலகுவதுதான் நேர்மை. ஊரைத் திருத்த வந்தவர், ஊருக்கு வைத்த சட்டத்தைத் தனக்கும் வைக்க வேண்டும். ஜிம் வைத்தார்.