ராத்திரி முழுக்க ரெண்டரிங்

அசைபடங்களைத் தொகுதியாக ரெண்டர் செய்வது என்பது, ஆராய்ச்சியாளர் தூங்கும் நேரத்தில் கணினியிடம் வேலை வாங்கும் ஏற்பாடு. புயலின் காற்றோட்டத்தையோ உலோகத் தகட்டில் பரவும் வெப்பத்தையோ படமாக்கும் மென்பொருளின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு பிரேமாகச் சேமிக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்கிரிப்டை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நொடிக்கு 30 பிரேம் வீதம் 20 நொடிப் படத்துக்கு 600 பிரேம். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றால் 10 மணி நேரம். சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்கினால் விடியற்காலை ஐந்துக்குப் படம் தயார். கணக்கு சரிதான். காலையில் வந்து பார்த்தால் 600 கறுப்புப் படங்கள் இருக்கும்.

இத்துறையில் பரவலாகப் புழங்கும் பேராவியூ என்ற காட்சிப்படுத்தல் மென்பொருள், கிட்வேர் நிறுவனமும் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகமும் சேர்ந்து 2000இல் தொடங்கிய திட்டம். முதல் பொது வெளியீடு 2002இல் வந்தது. அதிலுள்ள ‘டிரேஸ்’ என்ற வசதி, பயனர் மௌஸால் செய்வதைப் பைத்தான் ஸ்கிரிப்டாக எழுதிவைக்கும். நிறத்தை மாற்றியது, பிடிக்காமல் பழையபடியே வைத்தது, வெட்டுத்தளம் ஒன்றைப் போட்டு உடனே எடுத்தது என்று ஒன்றுவிடாமல் எழுதிவிடும். தரவுக் கோப்பின் முழு முகவரியையும் அப்படியே பதிந்துகொள்ளும். அது ஸ்கிரிப்டை எழுதிய மாணவரின் மடிக்கணினி முகவரி. ராத்திரி வேலை ஓடும் சர்வரில் அப்படி ஒரு ஃபோல்டரே கிடையாது. முதல் பிழைச் செய்தி பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும், திருத்துவதும் சுலபம்.

அடுத்தது அவ்வளவு சுலபமில்லை. சர்வருக்குத் திரை கிடையாது. படம் வரையும் மென்பொருளோ திரை எங்கே என்று தேடுகிறது. கிடைக்காவிட்டால் நின்றுவிடுகிறது, இல்லையேல் கறுப்பாக எதையாவது வரைந்து தருகிறது. இதற்குப் பலர் கைக்கொள்ளும் குறுக்கு வழி, மடிக்கணினியின் திரையையே தொலைவிலிருந்து சர்வருக்கு இரவல் கொடுப்பது. மடிக்கணினி திறந்திருக்கும்வரை அற்புதமாக ஓடும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்ற நிம்மதியில் மூடியைச் சாத்திப் பையில் வைத்ததும் வேலை செத்துவிடும். முறையான தீர்வு, பேராவியூவைத் திரையே வேண்டாத முறையில் ஓட்டுவது. கிராபிக்ஸ் அட்டை இருந்தால் இஜிஎல் வகை. இல்லாவிட்டால் மையச் செயலியிலேயே வரையும் ஓஎஸ்மெசா வகை. பின்னது மெதுவானது, ஆனால் அடம் பிடிக்காது.

மூலக்கூறுகளை வரையும் விஎம்டியில் இதே நோய் வேறு விதமாக வரும். அதன் ‘ஸ்னாப்ஷாட்’ முறை ஜன்னலில் தெரிவதை அப்படியே நகலெடுப்பது. மேலே வேறொரு ஜன்னல் வந்து மறைத்தால் அதுவும் படத்தில் விழலாம். புரதம் அழகாக மடியும் தருணத்தில் குறுக்கே ‘பேட்டரி குறைவு’ என்ற அறிவிப்பு தோன்றுவதற்கு உயிர்வேதியியலில் விளக்கம் தேட வேண்டாம். ஜன்னலை நம்பாத டாக்கியான் முறைக்கு மாறினால் போதும்.

வேகம் வேண்டும் என்று எட்டுச் செயலிகளைக் கேட்டு வாங்குபவர்கள், பேராவியூவின் இரண்டு பைத்தான் நிரல்களைக் குழப்பிக்கொள்வதுண்டு. பல செயலிகளுக்கு வேலையைப் பங்கிடுவது பிவிபேட்ச். அந்த இடத்தில் பிவிபைத்தானைப் போட்டால், எட்டு குமாஸ்தாக்கள் ஒரே கடிதத்தைத் தனித்தனியே எழுதி ஒரே உறையில் திணிப்பதுபோல, எட்டுப் பிரதிகளும் ஒரே படத்தை வரைந்து ஒரே கோப்பின்மேல் எழுதும். எட்டும் மும்முரமாக உழைப்பதாகவே கண்காணிப்புத் திரை காட்டும்.

பிழைச் செய்தியே தராத கோளாறுகள்தாம் மோசமானவை. நிறப்பட்டையின் எல்லைகளைத் தரவின் ஒவ்வொரு காலப்படியிலும் புதுப்பிக்கும்படி விட்டிருந்தால், ஒவ்வொரு பிரேமிலும் அப்போதைய உச்ச வெப்பத்துக்கே சிவப்பு கிடைக்கும். 900 டிகிரியிலிருந்து 300க்கு ஆறும் தகடு கடைசிவரை செக்கச்செவேல் என்று இருக்கும். பக்கத்தில் எண்கள் மட்டும் ஓசைப்படாமல் இறங்கிக்கொண்டிருக்கும். அவற்றை யாரும் பார்ப்பதில்லை. எல்லாக் காலப்படிகளுக்கும் பொதுவான எல்லையை முதலிலேயே பூட்டிவிட வேண்டும். 100 காலப்படி உள்ள தரவிலிருந்து 300 பிரேம் கேட்டால் ஒவ்வொரு படமும் மும்முறை வந்து, புயல் நொண்டி நொண்டிக் கரையேறும். இவற்றையெல்லாம் முதல், நடு, கடைசி என மூன்று பிரேம்களைச் சிறிய அளவில் ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பெரும்பாலும் அந்தச் சோதனை, முழு ராத்திரி வீணான பிறகே நடக்கும்.

நேரடியாக வீடியோவாக எழுதச் சொல்வதும் வேண்டாம். சர்வரின் வேலை ஒதுக்கும் நிரல், கேட்ட நேரம் முடிந்ததும் தயவுதாட்சண்யமின்றி வேலையை வெட்டிவிடும். தனித்தனிப் படங்களாக இருந்தால் 412ஆம் பிரேமிலிருந்து தொடரலாம். பாதி வீடியோவாக இருந்தால் மறுபடி ஒன்றிலிருந்துதான்.

படங்களை வீடியோவாகக் கோக்கும் வேலை எஃப்எஃப்எம்பெக் என்ற நிரலுக்கு உரியது. பெயர்களில் 0001, 0002 என்று முன்பூஜ்ஜியம் வேண்டும். இல்லாவிட்டால் அகர வரிசைப்படி அடுக்கும்போது 1க்குப் பின் 10 வந்து நிற்கும். வழக்கமான வீடியோ வடிவம் நிறத்தை இரண்டுக்கு இரண்டு கட்டங்களாகச் சேமிப்பதால், அகலமும் உயரமும் இரட்டை எண்ணாக இருக்க வேண்டும். ஜன்னலை மௌஸால் இழுத்து அளவு வைத்தவருக்கு 811 போன்ற உயரம்தான் அமையும். வடிவத்தைக் குறிப்பிடாமல் விட்டால், பிஎன்ஜி படங்களின் முழு நிறத்தையும் காக்கும் 444 வகையில் வீடியோ உருவாகும். அது மாணவரின் கணினியில் ஓடும். கருத்தரங்கக் கூடத்துக் கணினியில் ஓடாமல் போகலாம். கட்டளையில் அந்த வழக்கமான வடிவத்தின் பெயரான ‘ஒய்யூவி420பி’ என்பதைச் சேர்த்தால் அங்கும் ஓடும். அதற்குப் பிறகும் திரையில் ஒன்றும் தெரியாவிட்டால், அது புரொஜெக்டர் பார்த்துக்கொள்பவரின் துறை.