பேச்சு சோறு போடுமா?

கேள்வி: சர்வகலாசாலை மண்டபங்களில் சர்வதேச அரசியலையும் உலகப் பொருளாதாரத்தையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சினால் எவருக்காவது ஒரு பிடி சோறு கிடைத்ததுண்டா?

பதில்: கிடைத்ததுண்டு, ஐயா, ஆனால் சோறாக அல்ல, ரொட்டியாக! 1947 ஜூன் 5-ஆம் தேதி, கௌரவப் பட்டம் பெறுவதற்காக ஹார்வர்டு சர்வகலாசாலைக்கு வந்திருந்த அமெரிக்க வெளிநாட்டு மந்திரி ஜார்ஜ் மார்ஷல், பட்டணத்தில் வாங்குவதற்குச் சரக்கு இல்லாமையால் குடியானவன் தானியத்தை விற்க மனமின்றி இருக்க, பட்டணத்தார் பசியால் வாடிய யுத்தானந்தர ஐரோப்பாவின் நிலையைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்துரைத்தார். அந்தச் சிறு பேச்சில் முளைத்த திட்டமே, 1948 முதல் நான்காண்டுக் காலத்தில், சுமார் 1,300 கோடி டாலர் பெறுமான உதவியை உணவாகவும் எரிபொருளாகவும் உரமாகவும் இயந்திரமாகவும் மேற்கு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பிரசங்கம் வேறு, விவாதம் வேறு என்பீர்களாயின், 1965 மார்ச் 24-ஆம் தேதி இரவு, மிச்சிகன் சர்வகலாசாலையில், வியட்நாம் யுத்தத்தின் நியாய அநியாயங்களைக் குறித்து மாணவரும் ஆசிரியருமாக ஏறக்குறைய 3,000 பேர் விடியும்வரை கண்விழித்து ஆராய்ந்ததையும், அவ்வழக்கம் அவ்வாண்டிலேயே பிற கலாசாலைகளுக்கும் பரவியதையும் நினைவூட்டுவேன். யுத்தமும் சமாதானமும் ராஜாங்கத்தின் அந்தரங்க விஷயங்கள் அல்ல, பிரஜைகளின் கேள்விக்கு உட்பட்டவை என்பதை அந்த இரவு உணர்த்திற்று.

பேச்சு விதையேயன்றி விளைச்சல் அன்று. எனினும் விதையாத நிலத்தில் அறுவடை ஏது? ஆகையால், அடுத்த முறை அத்தகைய சபைக்குச் செல்லும்போது, இந்தக் கேள்வியையே அங்கே எழுந்து நின்று கேளுங்கள்.