பெரிய வெட்டு, பெரிய டொக்டர்

1902இல் மன்னார்க் கடலில் துரைமார் சிப்பிகளின் வயிற்றைப் பிளந்து பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1891க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை, கஜானாவுக்கு வயிற்றெரிச்சல். விசாரிக்க வந்த பேராசிரியர் ஹெர்ட்மன், நல்ல முத்துக்கு நடுவில் இருப்பது ஒரு நாடாப்புழுக் குஞ்சு என்று வாதாடினார். அப்படியானால் சீமாட்டிகள் கழுத்தில் கட்டித் திரிந்தது புழுவின் சமாதி.

அதே வருடம் யூனில், அந்தச் சிப்பிகளுக்கெல்லாம் சொந்தக்காரரான ஏழாம் எட்வேர்ட் மன்னருக்கே வயிற்றுவலி வந்துவிட்டது. 26ஆம் திகதி முடிசூட்டு விழா. ஊர் ஊராய் ராசாக்கள் வந்து இறங்கியாயிற்று, விருந்தும் ஆயத்தம். விரல் நீளக் குடல்வளரிக்கு இதெல்லாம் தெரியுமா? சீழ் கட்டிக்கொண்டது. மன்னரோ விழாவுக்குப் போயே தீருவேன் என்று அடம். போனால் பிணமாகத்தான் போவீர்கள் என்று டொக்டர் ட்ரீவ்ஸ் மரியாதையாகச் சொன்னாராம். 24ஆம் திகதி அரண்மனையிலேயே மேசை போட்டு, வயிற்றைத் திறந்து, சீழை வடித்தார். குடல்வளரியில் கை வைக்கவில்லை. விழா ஓகஸ்ட் 9க்குத் தள்ளிப்போனது. கெட்டுப்போகக்கூடிய பலகாரமெல்லாம் லண்டன் ஏழைகளுக்குப் போனது. ஒருவர் குடல் வீங்கினதால் ஊர் வயிறு நிறைந்தது அந்த ஒருமுறைதான்.

அதன் பிறகு குடல்வளரி ஒப்பரேஷனுக்குப் பெரிய மவுசு. பெரிய டொக்டர் என்றால் பெரிய வெட்டு. இது சத்திரசிகிச்சைக்காரர் தங்களுக்குள் உண்மையாகவே பெருமையாய்ச் சொல்லிக்கொண்ட வாசகம். சிப்பி குவிக்கும் எங்கள் முத்துக் கொட்டுகளிலும் இதே சாத்திரந்தான். 1905இல் 8 கோடிக்கு மேல் சிப்பி அள்ளி, குவித்து, அழுகவிட்டு, புழு நெளியக் கழுவி, கைப்பிடி முத்துப் பொறுக்கினார்கள். அடுத்த வருடம் மரிச்சுக்கட்டியில் அந்தக் கொட்டுகளைக் கண்காணித்த இளம் உத்தியோகத்தர் லெனார்ட் வூல்ஃப். பிற்பாடு அவர் ஏகாதிபத்தியத்தையே வெறுத்தார். அந்த நாற்றத்துக்கு யார்தான் வெறுக்கமாட்டார்!

பல பத்தாண்டு கழித்து இந்தப் பெரிய வெட்டுச் சாத்திரத்தைக் கெடுக்க ஜெர்மனியின் கீல் நகரில் ஒரு மனிதர் இருந்தார்: குர்ட் செம். அவர் சத்திரசிகிச்சை நிபுணர்கூட இல்லை, பெண்நோயியல் டொக்டர். குடும்பமே மருத்துவக் கருவி செய்கிற குடும்பம். தொப்புளில் சின்னத் துளை, அதன் வழியே கரியமிலவாயு, ஒரு குழாய்க்கண், பக்கத்தில் இன்னும் இரண்டு துளை. வயிறு பலூனாய் உப்பியதும் உள்ளே வேலை. இதைச் செய்யத் தொடங்கிய நாளிலேயே, உனக்கு மூளையில் ஏதோ கோளாறு, ஸ்கான் எடு என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். மனிதர் எடுத்தும் காட்டினார். ஒரு கூட்டத்தில் படம் போட்டு விளக்கும்போது புரொஜெக்டரின் பிளக்கையே பிடுங்கிவிட்டார்களாம்.

1980 செப்டெம்பர் 13இல் செம் ஒரு குடல்வளரியை அடியில் சுருக்குப் போட்டு இறுக்கி, வெட்டி, குழாய் வழியே வெளியே எடுத்தார். அது வீங்கிக்கூட இருக்கவில்லை. வேறு ஒப்பரேஷனுக்குப் போன இடத்தில் அதையும் பார்த்துவிட்டார். ஆனாலும் ஜெர்மன் சத்திரசிகிச்சைச் சங்கத் தலைவருக்கு ஆத்திரம் பொங்கியது. பிள்ளைப்பேறு பார்க்கிறவன் எங்கள் குடலில் கை வைப்பதா, அவனை வேலையிலிருந்து நிறுத்துங்கள் என்று கடிதம் போட்டார். அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. அச்சில் வர 1983 ஆயிற்று. பிறகு பித்தப்பையும் இதே வழியில் வரத் தொடங்க, திட்டினவர்களே வரிசையில் நின்று பழகினார்கள். 1990இல் மும்பையில் டொக்டர் உத்வாடியா பித்தப்பையை அப்படி எடுத்தார். உலகம் ரி.வி. பார்த்து ஒப்பரேஷன் செய்யப் பழகிய அந்தக் காலத்தில், எங்கள் பக்கம் சண்டை; ரி.வி. பார்க்கவே கரண்ட் இல்லை.

இப்போது துளை போட்டு எடுத்தவர் மறுநாளோ அதற்கு மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடுகிறார். நெஸ்டமோல்ட்டோடு பார்க்க வருகிற பெரியம்மாவுக்குத்தான் திருப்தியில்லை. சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “இவ்வளவுதானோ? பெரிய டொக்டர் ஒருத்தரும் ட்யூட்டியில இல்லையோ பிள்ளை?”